சித்திரக்காரர் கையும் கட்டளை வரியும்

சித்திரம் எழுதத் தெரிந்த ஒருவர் அதை அசையச் செய்ய விரும்பினால், முதலில் கட்டளை வரி எழுதக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்ற நிபந்தனை, கம்ப்யூட்டரில் அனிமேஷன் செய்யும் கலைஞர்களிடையே நெடுநாளாகப் புகைந்துகொண்டிருக்கும் மனத்தாங்கல்களில் பிரதானமானது. ஒரு சாரார் இதைச் சோம்பேறிகளின் முறையீடு என்று தள்ளிவிடுகிறார்கள். மற்றொரு சாரார், யந்திரம் கலையின் கழுத்தை நெரிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். இரண்டு அபிப்பிராயங்களிலும் விசாரணையைக் காட்டிலும் அவசரமே மிகுதி. விஷயத்துக்கு வயது அறுபதுக்கு மேல் ஆகிறது. அதை நிதானமாக ஆராய்வதற்கு, ஆயிரம் பேர் வேலை செய்யும் அமெரிக்க ஸ்டுடியோவைவிட, ஒருவரோ இருவரோ உட்கார்ந்து வேலை செய்யும் நம் தாமிரபரணிக் கரைக் கடைகளே பொருத்தமான இடம் என்பது என் எண்ணம்.

பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் திருநெல்வேலி ஜங்ஷனைச் சுற்றியுள்ள தெருக்களிலும் அப்படிப்பட்ட கடைகளைக் காணலாம். கல்யாண அழைப்பிதழ் வீடியோ, ஜவுளிக்கடை விளம்பரம், குழந்தைப் பாட்டு, கோயில் கொடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறிவிப்பு என்று வேலை பலவகை. இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் சிலர் பள்ளிக்கூடத்து ஓவியப் பரிசுகளின் தைரியத்தில் வந்தவர்கள். சிலர் போர்டு எழுதும் தொழிலை ஃப்ளெக்ஸ் விழுங்கிவிட்ட பிறகு வேறு வழியில்லாமல் கணிப்பொறிக்கு மாறியவர்கள். எழுதுகிறவரும், அசைக்கிறவரும், வண்ணம் தீட்டுகிறவரும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லுகிறவரும் ஒருவரே. ஆகையால் மென்பொருள் கேட்கும் கேள்வி எதுவாயினும் அது நேரே அந்த ஒருவரிடந்தான் வந்து நிற்கிறது. இன்னொருவரிடம் தள்ளிவிட இடமில்லை.

அந்தக் கேள்வியின் சுபாவத்தைப் பார்ப்போம். அம்மன் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கின் சுடர் லேசாக நடுங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர் பத்துச் சுடர்களை வெவ்வேறு விதமாக எழுதிக் காட்டிவிடுவார். 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்' என்னும் மென்பொருளோ, 2001-ஆம் ஆண்டு முதல் தன்னிடம் உள்ள 'எக்ஸ்பிரஷன்' வசதியின்படி, 'விக்கிள்' என்ற ஒரு சொல்லையும் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்களையும் எழுதச் சொல்லும். முதல் எண் விநாடிக்கு எத்தனை தடவை நடுங்க வேண்டும் என்பது. இரண்டாவது எவ்வளவு தூரம் நடுங்க வேண்டும் என்பது. இதுவரை சங்கடம் ஒன்றுமில்லை. ஒரு வரியில் சுடர் உயிர் பெறுவதைப் பார்க்கும்போது சந்தோஷங்கூட உண்டாகும். ஆனால் சுடர் நடுங்கும்போது அதன் நிழலும் சுவரில் நடுங்க வேண்டும், அதுவும் சற்றுப் பிந்தி நடுங்க வேண்டும், அம்மனின் மூக்குத்தி அதே கணத்தில் மின்ன வேண்டும் என்று கற்பனை ஓர் அடி நகர்ந்தால், ஒரு வரி பதினைந்து வரியாகிறது; 'இப்படியானால் அப்படி' என்ற தர்க்கம் நுழைகிறது; அப்போதுதான் திரையின் அடியில் ஒரு பிழைச் செய்தி தோன்றுகிறது.

இந்த இடத்தில் தமிழ்க் கலைஞருக்கென்றே ஒரு பிரத்தியேகக் கஷ்டம் இருக்கிறது. 'விக்கிள்' என்ற சொல்லின் முதலெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக அடித்துவிட்டால் கட்டளை செல்லாது. நம் லிபியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. ஆங்கிலம் சுமாராக எழுதுகிறவருக்குங்கூட அந்தப் பேதம் ஓர் அலங்காரமாகத் தோன்றுமேயன்றி, மீறினால் தண்டனை தரும் சட்டமாகத் தோன்றாது. பிளெண்டர், மாயா என்னும் மென்பொருள்களில் வழங்கும் பைத்தான் என்ற நிரல்மொழியிலோ, வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடத்துக்கும் அர்த்தம் உண்டு. இரண்டு இடம் குறைந்தால் காரியம் கெட்டது. பிழைச் செய்தியும் ஆங்கிலம், அதை விளக்கும் கையேடும் ஆங்கிலம். "அண்ணாச்சி, கையை ஆட்டத்தான வந்தேன், இது என்ன இலக்கணப் பரீட்சையாம்லா!" என்று பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் வாய்விட்டுக் கேட்டால், அவனைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

எனினும் எண்ணும் கணக்கும் அனிமேஷனுக்கு அந்நியம் என்று யாரும் சாதிக்க முடியாது. இந்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு 1956-இல் கிளேர் வீக்ஸ் என்ற டிஸ்னிக் கலைஞர் வந்து பயிற்சி அளித்தபோதும், அங்கே கற்ற ராம் மோகன் முதலியோர் பின்னர் இந்திய அனிமேஷனை வளர்த்தபோதும், பென்சிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கணக்குத்தாள் இருந்தது. விநாடிக்கு இருபத்துநான்கு பிரேம். ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் பன்னிரண்டு சித்திரம். ஒரு நிமிஷத்துக்கு 720. எந்தச் சித்திரம் எந்தப் பிரேமில், வாய் எந்த அட்சரத்தில் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் குறித்த அந்த 'எக்ஸ்போஷர் ஷீட்' ஒருவகையில் கட்டளை வரிசைதான். ஆனால் அதைப் படித்து நடத்துகிறவர் ஒரு மனிதராகிய காமிராக்காரர். ஒரு கட்டத்தில் எண் தவறியிருந்தால் அவர் சித்திரத்தைப் பார்த்து, கலைஞரின் கருத்து இன்னதென்று ஊகித்துக்கொள்வார். கம்ப்யூட்டருக்கு ஊகிக்கத் தெரியாது. கலைஞர் வெறுப்பது எண்ணை அன்று; ஊகம் அற்ற வாசகனுக்கு எழுத வேண்டியிருக்கும் நிர்ப்பந்தத்தை என்று சொல்வதே பொருந்தும்.

சரித்திரமும் இதை உறுதிப்படுத்துகிறது. 1963-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் நோல்ட்டன் 'பெஃப்ளிக்ஸ்' என்ற ஒரு நிரல்மொழியை உருவாக்கினார். சினிமாவுக்கென்றே ஏற்பட்ட ஆரம்ப மொழிகளில் அது ஒன்று. கட்டளைகளை அட்டையில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். ஸ்டான் வாண்டர்பீக் என்ற படைப்பாளி அதைக்கொண்டு 'போயம்ஃபீல்ட்' என்ற வரிசைப் படங்களைச் செய்தார். ஆயினும் நோல்ட்டன் கூட இருந்து கை கொடுத்ததனால்தான் அது சாத்தியமாயிற்று. கலைஞரும் நிரலரும் இரட்டை மாடுகளாகப் பூட்டப்பட்டே ஆக வேண்டும் என்ற நிலை அன்றே தோன்றிவிட்டது.

அதை மாற்ற முயன்றவரின் கதைதான் இந்த விஷயத்தில் மிகவும் ரசமானது. கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை செய்த நெஸ்டர் பர்ட்னிக், 1969-இல் ஒரு மாநாட்டில் டிஸ்னி அனிமேட்டர் ஒருவர் தம் தொழில்முறையைப் பற்றிப் பேசக் கேட்டார். பிரதான ஓவியர் முக்கியமான நிலைகளை மாத்திரம் எழுதுவார். இடைப்பட்ட சித்திரங்களை உதவி ஓவியர்கள் நிரப்புவார்கள். ஊர் திரும்பிய பர்ட்னிக், அந்த உதவி ஓவியரின் இடத்தில் கம்ப்யூட்டரை உட்கார்த்த முடியும் என்று கண்டு, மார்செலி வெயினுடன் சேர்ந்து அதற்கான அமைப்பைச் செய்தார். ஓவியர் முதல் நிலையையும் முடிவு நிலையையும் எழுதினால், இடைநிலைகளை யந்திரம் தானே கணக்கிட்டுக்கொள்ளும். பீட்டர் ஃபோல்டஸ் என்ற ஓவியர் அதைப் பயன்படுத்திச் செய்த 'பசி' என்ற குறும்படம் 1974-இல் கான் விழாவில் நடுவர் குழுவின் பரிசைப் பெற்றது. கண்டுபிடித்த இருவருக்கும் 1997-இல் ஆஸ்கார் அமைப்பு தொழில்நுட்ப விருது அளித்தது. இன்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் காணும் 'கீ ஃபிரேம்' இந்த வம்சத்தைச் சேர்ந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: பர்ட்னிக் ஓவியருக்கு நிரல் கற்பிக்கப் போகவில்லை, ஓவியர் ஏற்கெனவே வேலை செய்யும் முறையைத் தாம் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். பின்னால் வந்த பல மென்பொருள் நிபுணர்கள் இந்தப் பயணத்தைத் தலைகீழாகச் செய்யச் சொல்லுகிறார்கள்.

பெரிய ஸ்டுடியோக்கள் இந்தச் சிக்கலைப் பணத்தால் தீர்த்துக்கொண்டன. பிக்ஸாரின் ஆரம்ப காலத்தில் ஒரு பாத்திரத்தின் உடலே நிரலாக எழுதப்பட்டது. எழுதியவர் வேறு, அதில் வைத்த திருகுகளைத் திருப்பி நடிக்க வைத்தவர் வேறு. 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி'யின் வுடி பொம்மைக்கு எழுநூறுக்கு மேற்பட்ட திருகுகள் இருந்தன. ட்ரீம்வொர்க்ஸ் 2014-இல் டிராகன் கதையின் இரண்டாம் பாகத்துக்காகப் 'பிரீமோ' என்ற மென்பொருளைக் கையாண்டது. அதில் அனிமேட்டர் பேனாவால் பாத்திரத்தின் கையையோ தோளையோ தொட்டு நேரே இழுக்கலாம். நம் பக்கத்தில் 2014 மே மாதம் வெளியான 'கோச்சடையான்', நடிகரின் உடலசைவையே பதிவுசெய்து பாத்திரத்துக்கு ஏற்றும் வழியை மேற்கொண்டது. இவற்றிலெல்லாம் கலைஞருக்கும் நிரலுக்கும் நடுவே 'டெக்னிகல் டைரக்டர்' என்ற மத்தியஸ்தர் சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கிறார். வண்ணார்பேட்டைக் கடைக்கு அவர் வரமாட்டார்.

கலைஞர் தம் கருவியின் உட்புறத்தைத் தாமே அறிந்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இந்த வட்டாரமே பலமான சாட்சி தருகிறது. தாமிரபரணியின் கரையிலுள்ள திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள் ஏறிப் பார்த்தவர்கள், அதன் நிலைகளில் சுவர் நிறையப் படர்ந்துள்ள ஓவியங்களையும் மரச் சிற்பங்களையும் மறக்க மாட்டார்கள். ஊர்வலமும் யுத்தமும் குதிரை ஏற்றி வந்த கப்பலும் தொடர்ச்சியாக நகர்ந்து செல்லும் அந்தச் சித்திரங்களை எழுதியவர்களுக்குச் சுண்ணாம்புச் சாந்தின் பக்குவமும் வண்ணக் கல்லின் குணமும் தெரியாமலா இருந்திருக்கும்? இன்னும் நெருங்கிய உதாரணம் தோல்பாவைக்கூத்து. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழில் ராமாயணம் நடத்தும் மண்டிகர் குடும்பங்கள், கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளில் ஊர் ஊராகச் சென்று கூத்து நடத்தியவர்கள். ஆட்டுத்தோலைப் பதப்படுத்துவது, அதில் உருவம் வரைவது, உளியால் துளையிடுவது, சாயம் ஏற்றுவது, மூட்டுகளை நூலால் கோப்பது, விளக்குக்கும் திரைக்கும் நடுவே பாவையைப் பிடித்து ஆட்டுவது, அத்தனை பாத்திரங்களுக்கும் குரல் மாற்றிப் பேசுவது என்று இன்றைய ஸ்டுடியோவில் இருபது பதவிகளாகப் பிரிந்துகிடக்கும் வேலைகள் ஒரு குடும்பத்துக்குள் அடங்கியிருந்தன. கொலு வீற்றிருக்கும் ராமனுக்கு மூட்டு அதிகம் வேண்டாம். கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டுமானால் கையும் காலும் தாராளமாகத் துள்ள வேண்டும். எந்த மூட்டு அசைய வேண்டும் என்று தீர்மானித்தவர் ஆட்டுகிறவரே. இன்றைக்கு 'ரிக்கிங்' என்று பெயர் சூட்டித் தனிச் சாஸ்திரமாகக் கற்பிக்கிறார்களே, அது இதுதான்.

அப்படியானால், பாவைக்காரர் தோல் பதனிடக் கற்றதுபோல இன்றைய கலைஞர் பைத்தான் கற்றால் என்ன என்ற கேள்வி நியாயமாகவே எழும். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். தோலின் வித்தை கற்றவருக்கு அது ஆயுள் முழுவதும் உதவியது, மகனுக்கும் உதவியது. நம் காலத்து வித்தையின் ஆயுளோ? 2000-ஆம் ஆண்டில் 'ஃப்ளாஷ்' மென்பொருளின் ஐந்தாம் பதிப்போடு 'ஆக்ஷன்ஸ்கிரிப்ட்' என்ற நிரல்மொழி வந்தது. தமிழ்நாட்டின் சின்ன ஊர்ப் பயிற்சி நிலையங்கள்கூடப் பலகை மாட்டி அதைக் கற்பித்தன. 2006-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல் இரண்டையும் பழங்கதையாக்கியது. கற்றவர்கள் மறுபடி கற்றார்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷ் பிளேயருக்கு அதன் நிறுவனம் ஆதரவை நிறுத்தியது. நிரலால் இயங்கிய அந்தப் படைப்புகள் உலாவிகளில் திறக்காமற் போயின. அதே ஆண்டுகளில் பென்சில் பிடித்துக் கற்ற நடைச் சுழற்சியும், எடையைக் காட்டும் வித்தையும், துள்ளலுக்கு முன் உடலைச் சுருக்கும் நுட்பமும் பழசாகவே இல்லை. தாம் இளவயதில் பெற்ற அறிவில் எது தங்கியது, எது கரைந்தது என்று கண்ணால் கண்டவர் புதிய நிரல்மொழியைச் சந்தேகத்தோடு பார்த்தால், அதைச் சோம்பல் என்பது அநியாயம்.

கலைஞர் எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டியதில்லை என்பதற்கும் இந்தப் பக்கத்திலேயே ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய சி. கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி எழுதிய தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களின் வழியே காலண்டர்களாகித் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளில் குடியேறின. கோவில்பட்டி அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. வண்ணத்தைப் பிரித்துத் தகடு செய்வது நுட்பமான தொழில்; அது அச்சகத்தாரின் பொறுப்பாக இருந்தது. முருகனின் முகத்தில் பூசிய ரோஜா நிறம் அச்சில் எத்தனை மையாகப் பிரியும் என்ற பரிசயம் ஓவியருக்கு இருந்தால் லாபந்தான். இல்லாவிட்டாலும் தூரிகையைத் தொடுவதற்கு முன் யாரும் அவரைப் பரீட்சித்ததில்லை.

இந்த 'முன்' என்ற இடத்தில்தான் என் அபிப்பிராயம் நிற்கிறது. அதற்கு ஆதாரமாக, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974-இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் பெண்கள் போடும் கோலத்துக்குக் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் இலக்கண விதிகளைப் பொருத்திக் காட்டியது அந்த ஆராய்ச்சி. ஒரு சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் எப்படி ஒழுங்காக விரிகிறது என்பதை விதிகளாக எழுதிவிடலாம் என்று தெரிந்தது. ஆக, நிரலுக்குரிய ஒழுங்கு நம் கைகளுக்குள் முன்பே இருக்கிறது; கலைக்கு அது பகை என்ற பேச்சு நிற்காது. ஆனால் திருநெல்வேலி டவுணில் மார்கழி அதிகாலையில் புள்ளி வைக்கும் பெண்ணிடம், விதியை எழுதிக் காட்டிய பிறகு மாவைத் தொடு என்று எவரும் சொன்னதில்லை. அவள் கை போட்டுப் பழகிற்று. விதி பிற்பாடு வந்தது, அதுவும் வேண்டியவர்களுக்கு மாத்திரம்.

இதை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் மென்பொருள்களின் குணதோஷம் தெளிவாகிவிடுகிறது. நூறாவது தடவை ஒரே காரியத்தைச் செய்து கை சலித்த கலைஞருக்கு, 'இதை ஒரு வரியில் முடிக்கலாம்' என்று கொடுக்கப்படும் நிரல் வரப்பிரசாதம். முந்நூறு வாழைமரத் தோரணங்களைக் காற்றில் ஆட்ட வேண்டும் என்றால், ஒவ்வொன்றாக ஆட்டுவது கலையன்று, தண்டனை. ஆனால் முதல் அசைவைக் காண்பதற்கே நிரலைக் கேட்கும் கருவி, அதைச் செய்தவர்களின் குறையைப் பயன்படுத்துகிறவரின் தலையில் ஏற்றுகிறது. பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. எளிய அசைவுக்கு நிரல் வேண்டாம், சற்றே அழகான அசைவுக்கு வேண்டும் என்பது அவற்றின் நிலை. மனத்தாங்கல் முளைப்பதும் அந்த நடுவிடத்தில்தான்.

பரிகாரங்களில் ஒன்று 'நோட்' முறை. எழுத்துக்குப் பதில் சின்னச் சின்னப் பெட்டிகளைக் கம்பியால் இணைப்பது. பிளெண்டர் 2021-இல் 'ஜியாமெட்ரி நோட்ஸ்' என்று இதைக் கொண்டுவந்தது. பெரிய எழுத்துச் சிறிய எழுத்துத் தொல்லை இதில் ஒழிகிறது. அந்த அளவில் நன்மை. ஆனால் பெட்டிக்குள் இருப்பது பழைய கணிதமே. மூன்று திசை எண்களைப் பெருக்குவது எதற்கு என்று தெரியாதவருக்குப் பெட்டியும் வாயைத் திறவாது. இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, அதே பிளெண்டரின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் செம்மைப்படுத்தப்பட்ட 'கிரீஸ் பென்சில்'. தாளில் எழுதுவதுபோலத் திரையில் எழுதி, எழுதியதையே அசைக்கலாம். லாட்வியாவின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் ஒரு முழுநீளப் படத்தைத் தனியாகவே செய்தவர். பிறகு ஒரு சிறு குழுவுடன் பிளெண்டரில் அவர் செய்த 'ஃப்ளோ', 2025-இல் ஆஸ்கார் பெற்றது. சிறிய கடைக்காரருக்கு இது உற்சாகம் தரும் செய்தி.

வாயால் விவரித்தால் படம் அசையும் என்று செயற்கை நுண்ணறிவைப் பரிகாரமாக இன்று சிலர் காட்டுகிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. கட்டளை வரியை எழுதச் சொன்ன யந்திரம் இப்போது கட்டுரை எழுதச் சொல்லுகிறது. இரண்டு தடவையும் கையைத்தான் ஓரமாக உட்காரச் சொல்லுகிறது.

மொழியின் தடையைக் குறைக்கும் முயற்சிகளும் நடக்காமலில்லை. 'எழில்' என்ற நிரல்மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் உள்ளன. அனிமேஷன் மென்பொருள்களுக்குள் அது நுழையவில்லை என்றாலும், நிரலின் தர்க்கத்தைத் தாய்மொழியில் முதலில் பழகிக்கொள்ள அது போதும். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் பிளெண்டர் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. அவை பழைய பதிப்புக்கு உரியவை. பாடம் காட்டும் பொத்தான் இன்றைய திரையில் வேறிடத்துக்குப் போய்விட்டது. ஆயுள் குறைந்த வித்தை என்று மேலே சொன்ன வியாதி பாடங்களையும் பீடிக்கத்தான் செய்கிறது.

நம் ஊர் நிலைமைக்குப் பொருந்துவது பழைய இரட்டை மாட்டு ஏற்பாடே என்று நினைக்கிறேன். ஆனால் மத்தியஸ்தரை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டிய அவசியமில்லை. பாவைக்கூத்து போன்ற கலைகளை விளக்க, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலைப் பல்லாண்டு ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். நிரல் எழுதத் தெரிந்த மாணவர்களை அரசு பொறியியற் கல்லூரியும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியே அனுப்புகின்றன. அந்த மாணவர்களில் ஒருவர் கடைக்கு வந்து, ஓவியர் ஒரு நாள் முழுவதும் எப்படி வேலை செய்கிறார் என்று பர்ட்னிக்கைப் போல முதலில் உட்கார்ந்து பார்க்கட்டும். உச்சிக்குடும்பனுக்கு எத்தனை மூட்டு வேண்டும் என்பதை ஓவியர் சொல்லட்டும். அந்த மூட்டுகளுக்கான நிரலை மாணவர் எழுதி, ஓவியர் கைக்குத் திருகுகளை மாத்திரம் கொடுக்கட்டும். பிளெண்டர் 2002 முதல் யாரும் திறந்து திருத்தக்கூடிய உரிமத்தோடு வழங்குவதால், எழுதியதை அடுத்த கடைக்கும் கொடுக்கத் தடையில்லை. தடை வருமானால் கூலியில்தான் வரும். மண்டிகர் குடும்பத்தில் தோல் பதனிட்டவருக்கும் பாடியவருக்கும் உலை ஒன்று; சிவகாசியில் தகடு செய்தவரின் கூலி அச்சகத்தாரின் பொறுப்பு. மூவாயிரம் ரூபாய்க்குப் பேசிய கல்யாண வீடியோவில், ஒருமுறை எழுதி நூறு வீடியோவுக்கு உழைக்கும் நிரலுக்குப் பங்கு எவ்வளவு என்பதைக் கடைக்காரரும் மாணவரும் வேலை தொடங்குமுன்பே பேசி எழுதிக்கொள்வது நல்லது.